இரண்டு பக்கமும் நாம்தான்

ஜூன் 3, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுதியே தீர வேண்டும், அவ்வளவு வயிற்றெரிச்சல்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளின் ஓய்வறைக்குள் கேமரா வைத்துவிட்டார்கள். நேற்று வரை அங்கே ஒரு டியூப்லைட் தவிர ஒன்றும் கிடையாது. காலையில் போனால் கூரை மூலையில் கறுப்பாக ஒரு குமிழ். சேலையைக் கழற்றி யூனிபார்ம் மாட்டுகிற இடம் அது. கேட்டால் இரண்டு செல்போன் காணாமல் போனதாம், பாதுகாப்புக்காம். யாருக்குப் பாதுகாப்பு?

முப்பிடாதிதான் முதலில் பொங்கினாள். ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. இரண்டு வேளை அந்த அறையில் உட்கார்ந்துதான் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் எடுத்து பிரிட்ஜில் வைப்பாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு படுக்கை விரிப்பால் கேமராவை மூடிவிட்டாள். "வச்சவன் அவன் வீட்டுக் குளிக்க ரூம்ல வைக்கட்டும். ஏ, நான் சொல்லுதது சரியா தப்பா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். சரி என்றோம். ஷமீமா உடனே பதினான்கு பேரை வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். நான் மூத்தவள் என்பதால் என்னை இரண்டாவது அட்மின் ஆக்கியிருக்கிறாள். இருபத்தாறு வருட சர்வீஸுக்கு ஒரு மரியாதை.

ஜூன் 4, புதன்

காலை டியூட்டி. பதினேழாம் படுக்கைக்குத் தையல் பிரித்தாயிற்று. மதியம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் லில்லிபுஷ்பம் மேடம் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். டீ வரவழைத்துத் தந்தார்கள். "மார்ச் மாச விஷயம் என் அலமாரியிலேயே பத்திரமா இருக்கு சுகிர்தா சிஸ்டர். நீங்க கவலைப்படாதீங்க" என்றார்கள். நான் கவலைப்படுகிறேன் என்று எப்போது சொன்னேன்?

மற்றபடி பொதுவாக வார்டு நடப்பு பேசிக்கொண்டிருந்தோம்.

வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

ஜூன் 6, வெள்ளி

விரிப்பை எடுத்துவிட்டார்கள். அது பெரிதில்லை. மேடம் முப்பிடாதியைக் கூப்பிட்டு, குழுவில் அவள் எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குளியலறை வசனத்தை அவள் குழுவிலும் போட்டிருந்தாள். முப்பிடாதி முகம் செத்துப்போய் வந்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு காரணம். ஆஸ்பத்திரி வைஃபையில் இழுத்துப் படிக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. போனே ஒட்டுக் கேட்கிறது, செருப்பு வாங்க வேண்டும் என்று வாயால் சொன்னேன், சாயங்காலத்துக்குள் செருப்பு விளம்பரமாக வருகிறது என்றாள் இன்னொருத்தி. நானும் ஏதோ சொன்னேன். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பது போல.

ஷமீமா மட்டும் தலையை ஆட்டினாள். அவள் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "வைஃபைல அப்படியெல்லாம் படிக்க முடியாதுக்கா. நாம அனுப்புற மெசேஜ் பூட்டுப் போட்டுப் போகுது. நம்ம போன்லயும் வாங்குறவங்க போன்லயும் மட்டுந்தான் தொறக்கும். நடுவுல எவனாலயும் முடியாது."

"அப்போ எப்படிட்டி வெளிய போச்சு?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதான் தெரியல. ரெண்டு பக்கமும் நாமதான இருக்கோம்" என்றாள்.

மீன் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. முள்ளாக இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

ஷமீமா வேறொரு ஆப் கண்டுபிடித்திருக்கிறாள். அதில் எழுதியது ஒரு நாளில் தானாக அழிந்துவிடுமாம். அட்டை போட்ட நோட்டில் எழுதி வைக்கிற எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது. "மூத்தவங்க நீங்க சொன்னாத்தான்க்கா மத்தவங்க கேப்பாங்க" என்று, எல்லார் போனிலும் அதைப் போட்டுக் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினாள். ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்தேன். முப்பிடாதி, "யக்கா, நீங்க இருக்கதுனாலதான் எனக்குத் தைரியமே" என்றாள்.

பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல் என்பார்கள். எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் போய்விட்டது. மாலை டியூட்டிக்காரர்கள் ஓய்வறைக்குள் போகாமல் கழிப்பறையில் உடை மாற்றுவது என்று புதிய ஆப்பில் பேசியிருந்தோம். இன்று காலை கழிப்பறைச் சாவி மேடத்தின் மேசையில். வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஷமீமா தன் போனை முழுதாக அழித்துப் புதிதாக்கினாள். பிள்ளையின் ஆண்டுவிழாப் படமெல்லாம் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்தாள்.

ஜூன் 13, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் செய்தித்தாளில் மரண அறிவிப்பைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார்.

மேடம் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். நானாகப் போய்ச் சொல்லவில்லை. "குழுவுல என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறார்கள். நான் உட்கார்ந்து போனைத் திறந்து அவர்கள் கையில் கொடுக்கிறேன். அவர்கள் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு படிக்கிறார்கள். இதில் ஒட்டுக் கேட்பது எங்கே இருக்கிறது? மேலதிகாரி கேட்டால் காட்டுவது ஒரு ஒழுங்குதானே.

கேமராவால் எனக்கும்தான் அசிங்கம். நானும்தான் அதன் கீழ் சேலை மாற்றுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

இனிமேல் போனே வேண்டாம் என்று முடிவு. ஷமீமா சொன்ன வழியைக் கேட்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஷிஃப்ட் மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று நிலவரம் ஒப்படைப்போம் இல்லையா, அதில் இல்லாத ஒரு நோயாளியைச் சேர்ப்பது. எங்கள் வார்டில் முப்பது படுக்கை. "முப்பத்தொண்ணு, மூணு மணிக்கு மாடிக்கு மாத்தணும்" என்றால் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம். "முப்பத்தொண்ணு, காய்ச்சல் இருக்கு" என்றால் மேடம் ரவுண்ட்ஸ் வருகிறார்கள். டாக்டர்கள் யாரும் நாங்கள் ஒப்படைப்பதைக் காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. அது எங்களுக்கு இத்தனை வருடமாகக் குறையாக இருந்தது, இப்போது வசதியாகப் போயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். (யாரிடம் சொல்கிறேன்?)

இன்று ஷமீமா ஒப்படைக்கும்போது, "முப்பத்தொண்ணு, சர்க்கரை கூட, உப்புக் கம்மி" என்று ஏதோ சேர்த்துச் சொன்னாள். இருபத்தாறு வருடப் பழக்கம், காதில் விழுந்தது கையில் வந்துவிடும். சமையலறைக்குப் போகிற உணவுச் சீட்டில் "31, உப்பில்லாக் கஞ்சி" என்று எழுதி அனுப்பிவிட்டேன்! பதினொரு மணிக்குத் தள்ளுவண்டிக்காரம்மா வந்து நின்று, "முப்பத்தொண்ணு எங்கம்மா இருக்கு? சுத்திச் சுத்தி வாரேன்" என்கிறாள்.

முப்பிடாதி சட்டென்று, "டிஸ்சார்ஜ் ஆயிட்டாவ, இங்க குடுங்க" என்று வாங்கி, மருந்து அறைக்குள் போய் நின்றபடியே குடித்துவிட்டாள். "யக்கா, காலைல இருந்து பட்டினி. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

மாலையில் மேடம் கூப்பிட்டார்கள். போனில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். கஞ்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

மாடியில் கூட்டம். மனு தயார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுப்பது. முதல் கையெழுத்து முப்பிடாதி. என்னை இரண்டாவதாகப் போடச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டு வரவில்லை, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். கண்ணாடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மனு முப்பிடாதியின் பையில் இருக்கிறது.

ஜூன் 21, சனி

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

மேடம் இன்று டீ தரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்கள். அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். என் கையெழுத்துள்ள தாள்.

மார்ச் பதினான்கு. பதினாறு மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்த்தேன், மாற்ற ஆள் வரவில்லை. ஒன்பதாம் படுக்கைக்குப் போட வேண்டிய இன்சுலினை ஆறாம் படுக்கைப் பெரியவருக்குப் போட்டுவிட்டேன். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அரை மணி நேரத்தில் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. நான் பார்க்கவில்லை, முப்பிடாதிதான் பார்த்தாள். அவர் சட்டை நனைந்திருப்பதைக் கண்டு ஓடிவந்து, குளுக்கோஸ் ஏற்றி, டாக்டரைக் கூப்பிட்டு, "சுகிர்தாக்காதான் சார் கண்டுபிடிச்சாவ" என்று சொன்னாள். பெரியவர் பிழைத்தார். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. மேடம் இன்சுலின் புட்டிகளை எண்ணிப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது நர்சிங் கவுன்சிலுக்குப் போனால் என் நர்ஸ் பதிவு ரத்தாகும். இன்னும் நான்கு வருட சர்வீஸ்.

"திங்கக்கிழமை யாரோ எங்கேயோ போறதா காத்துவாக்குல கேட்டேன்" என்றார்கள். பிறகு மேசைத் திரையை என் பக்கம் திருப்பினார்கள். ஓய்வறை. முப்பிடாதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். முதுகுதான் தெரிந்தது. குனிந்து புட்டியைப் பிடித்திருக்கிறாள். தோள் மெதுவாக அசைகிறது. பக்கத்து மேசையில் பிரின்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் நான்.

அப்படியும் சொன்னேன். பதினான்கு பேரையும் சொல்லவில்லை, ஒரு பெயர்தான் சொன்னேன். மனு அவள் பையில் இருப்பதையும் சொன்னேன். முப்பத்தொன்று என்றால் என்ன என்பதையும் சொன்னேன். அதை அவர்கள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

தூ.

ஜூன் 23, திங்கள்

முப்பிடாதியை நிறுத்திவிட்டார்கள். காலையில் கேட்டிலேயே பையைச் சோதித்து மனுவை எடுத்துக்கொண்டார்களாம். கேமராவை மூடியது ஆஸ்பத்திரிச் சொத்துக்குச் சேதமாம். எதிர்த்துப் பேசினால் அந்தக் காட்சியை அவள் வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று மேடம் சொன்னதாக, கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் சொன்னார். அவள் பிரிட்ஜில் வைத்திருந்த புட்டிகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒருத்தியும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகவில்லை.

நான் ஆறு பேருக்கு டிரிப் மாற்றினேன். இரண்டு பேருக்கு ஊசி. ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜூன் 25, புதன்

பழி ஷமீமா மேல் விழுந்துவிட்டது. ஆப் போடச் சொன்னது அவள், படுக்கை யோசனை சொன்னது அவள், எல்லாம் வெளியே போனது என்றால் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். ஷமீமா அழவில்லை. "என் புள்ள மேல சத்தியமா இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "யக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா, நான் அப்படியாப்பட்டவளா?" என்றாள்.

"யாரு மனசுல என்ன இருக்குன்னு யாருக்குட்டி தெரியும்" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். சாயங்காலம் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டுத் துலக்கினேன்.

ஜூன் 28, சனி

துணி துவைத்தேன். முழங்கால் வலி.

ஜூலை 2, புதன்

மேடம் என்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். தனி மேசை. ஓய்வறைக்குப் போகாமல் இன்சார்ஜ் அறையிலேயே உடை மாற்றிக்கொள்ளலாம். அங்கே கேமரா கிடையாது. என் வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். ஒரு துண்டு வாயில் போட்டேன். துப்பிவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். கேடிசி நகருக்கு அந்தப் பக்கம், வாடகை வீடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன், நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி. வேறு என்ன வாங்குவது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். குழந்தை பாயில் கவிழ்ந்து கிடந்து தரையை அடித்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி டப்பாப் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பால் வத்திட்டுக்கா" என்றாள். "அன்னைக்கு வந்தவ ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம கிடந்தேன். அப்புறம் புள்ள சப்பிச் சப்பிப் பாக்கு, ஒண்ணும் வரல."

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நின்றுகொண்டேதான் சொன்னேன். வாட்ஸ்அப், ஆப், மாடி, பை, எல்லாம். அவள் பாலைக் கலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

கலக்கிய பாலைப் புட்டியில் ஊற்றினாள்.

"ஒண்ணுந் தெரியாதவளா நான்? மொத நாளே மேடம் ரூம்ல இருந்து நீங்க டீ டம்ளரோட வந்ததப் பாத்தேன். அவங்க ஒங்க கழுத்தப் புடிச்சிருக்காவன்னு எனக்குத் தெரியாதா? மார்ச்சுல நடந்தது ஒங்களயும் மேடத்தயும் விட்டா எனக்கு மட்டுந்தான தெரியும்."

"அப்போ ஏன்ட்டி நீ குழுவுல சொல்லல? ஷமீமாவப் போட்டு எல்லாரும்…"

"எப்படிச் சொல்ல? சுகிர்தாக்காதான்னு சொன்னா, அவ எதுக்கு அப்படிச் செய்யணும்னு கேப்பாவ. மார்ச்ச சொல்லணும். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு அன்னைக்கு ஒங்க கையப் புடிச்சுச் சொன்னம்லா." புட்டியின் மூடியைத் திருகினாள். "எங்க வீட்டுக்காரருட்டகூடச் சொல்லல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டாள். என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால்கூட எழுந்து வந்திருப்பேன்.

"நீங்க கெளம்புங்கக்கா. புள்ள தூங்கணும்" என்றாள் கடைசியில். "பழத்த எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்து முன்னால் போனபோது நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலியா என்று பக்கத்திலிருந்த அம்மா கேட்டார்கள். இல்லை என்றேன்.

மதியம் ஷமீமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்த வேண்டியதுதான்.

பிறகு ஆப்பைத் திறந்து, காட்டிக் கொடுத்தது நான்தான் என்று குழுவுக்கு எழுதினேன். இது ஒரு நாளில் அழிந்துபோகும், ஆகையால் நாளைக்குக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றும் எழுதினேன். எல்லாரும் படித்ததாகக் காட்டியது. ஒருத்தியும் ஒரு வார்த்தை போடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் மார்ச் மாதத்தைச் சொன்னேன். அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். "வேலை போயிரும்லா" என்றார். போகும் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். எட்டரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் பட்டாவுக்கு வந்தவர்கள், உதவித்தொகைக்கு வந்தவர்கள், ஒரு பெரிய வரிசை. வெயில் மண்டையைப் பிளந்தது.

மனு நான்கு பக்கம். ஓய்வறைக் கேமரா, அந்தத் திரை, அதை எட்டிப் பார்த்த ஆள், கேட்டில் முப்பிடாதியின் பையைச் சோதித்தது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருந்தேன். மார்ச் பதினான்கையும் எழுதினேன், ஆறாம் படுக்கை, எத்தனை யூனிட் என்பது வரை. பெரியவரின் வீட்டாருக்கும் ஒரு நகல் தபாலில் போட்டுவிட்டுத்தான் வரிசையில் நின்றேன். முப்பிடாதி அன்று என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை மட்டும் எழுதவில்லை. அது அவளுடையது.

மேசையில் இருந்த அதிகாரி அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் பக்கத்தைப் படித்ததுமே முகம் மாறியது. "ச்சே" என்றார். தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். "இந்தப் பாதிக்கப்பட்ட நர்ஸ், நீங்கதானா?"

"இல்லம்மா" என்றேன். "அவளக் காட்டிக் குடுத்தது நான். கடைசிப் பக்கத்துல இருக்கு."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன்.